மெழுகுவத்தி இல்லாமல் இறங்கியவர்கள்

அன்று சந்தையில் பாலாடைக்கட்டி அடைத்த அடை சூடாகக் கிடைத்தது, ஐயா. நான் இரண்டு தின்றேன். என் மனைவி அவுரிக்காவும் அவள் தம்பி லியோனிதும் ராட்டினத்தில் ஏறிக் கூச்சல் போட்டார்கள். நாற்பது தாண்டியவர்கள்.

லியோனித் இத்தாலியில் கூரைக்கு ஓடு மாற்றிவிட்டு வந்தவன். வந்ததும் ஒயின் தெரிந்த பெரிய மனிதனாகிவிட்டான். கையில் திராட்சைச்சாற்றின் சர்க்கரை பார்க்கும் கருவி, வாயில் வாய்கொள்ளாத வார்த்தைகள். என் நிலவறையில் பாதியை அவுரிக்கா அவனுக்குத் தூக்கிக் கொடுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் மால்டோவாவில் புதுச்சாறு பீப்பாயில் பொங்கும் வாரங்களில் யாரும் மெழுகுவத்தி இல்லாமல் நிலவறைக்குள் இறங்குவதில்லை. சாறு விடுகிற கெட்ட காற்று தரையோடு தேங்கும், கண்ணுக்குத் தெரியாது. சுடரை முழங்கால் உயரத்தில் பிடித்து இறங்குவோம். அணைந்தால் திரும்பிவிட வேண்டும். லியோனித் டார்ச்சோடு இறங்குவான்.

"மெழுகுவத்திய சர்ச்சுல ஏத்துங்க அத்தான். அதான் காத்து போக ஓட்டை இருக்கே" என்பான்.

இருந்தது. அன்று காலை சந்தைக்குக் கிளம்பும்முன் அதில் கோணியைத் திணித்து அடைத்தேன். அவனுக்குப் புத்தி வரட்டும் என்றுதான்.

சந்தையில் நடந்த போட்டி போன வருட ஒயினுக்கு. நடுவர்கள் ஒரு பல் டாக்டர், ஒரு பாட்டு வாத்தியார், மேயரின் மைத்துனர். இந்த நாக்குகளை நம்பித்தான் ஊர் பரிசு கொடுக்கிறது. பல் டாக்டர் என் ஒயினைத் துப்பிவிட்டு, "திரோஃபிம் அண்ணே, இது சாலட்ல ஊத்தறதுக்கா?" என்றார். அவுரிக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினால் சிரிப்பு இல்லையென்று ஆகிவிடுமா?

முதல் பரிசு லியோனிதுக்கு. ஒரு மண்குடம். என் தோளில் கைபோட்டான்.

"மனசுல வச்சுக்காதீங்க அத்தான். அடுத்த வருஷம் உங்களுக்கும் சேத்து நானே செஞ்சு தர்றேன்."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், கோணி விஷயத்தை வழியிலேயே சொல்லியிருப்பேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னும் வேண்டும் என்றது கூட்டம். வீடு பக்கத்தில்தான். பரிசுக் குடத்தையே நிரப்பி வருகிறேன் என்று கிளம்பினான். அவுரிக்கா, "நீங்களும் வாங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இங்க உக்காராதீங்க" என்றாள். போனேன்.

டார்ச்சோடு இறங்கினான். கொஞ்ச நேரத்தில் குடம் உடையும் சத்தம் கேட்டது.

"ஒடச்சிட்டியாடா?" என்று சிரித்தாள் அவுரிக்கா. பதில் இல்லை. தம்பி பேரைச் சொல்லிக்கொண்டே இறங்கி ஓடினாள்.

நான் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். மூன்றாம் படியில் அணைந்தது. முறைப்படி மேலே வந்து, வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் கை அவன் சட்டையைப் பற்றியிருந்ததாகத் தீயணைப்புக்காரர் பிறகு சொன்னார்.

லியோனிதை நான்தான் கொன்றேன் என்று நீங்கள் எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன். அவுரிக்கா விஷயத்தில் என்மேல் தப்பில்லை. அவள் படியில் கால் வைக்கும்போதே, மெழுகுவத்தி எடுத்துக்கொள் என்று சொன்னேன். அவள் காதில் விழவில்லை. கத்திப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை, ஐயா.