பதினோராம் வீட்டு வெள்ளை வட்டம்

நான் எப்போதும் இரண்டு கைக்குட்டை வைத்திருப்பேன். ஒன்று வியர்வைக்கு, இன்னொன்று மூக்கைப் பொத்திக்கொள்ள. புயல் ஓய்ந்ததும் வீடு வீடாக ஏறி இறங்கி, காப்பீடு செய்த சொத்தில் எவ்வளவு சேதம் என்று எழுதுகிற சர்வேயருக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஊறிப்போன மெத்தை, உப்பிய பலகை, சாக்கடை ஏறி இறங்கிய சமையலறை. பத்தொன்பது வருடம் இதையெல்லாம் முகர்ந்தவன் நான். வாடை பழகிவிட்டது. பழகாதது மனிதர்கள்தான்.

புயல் என்றதும் சிலருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். பரணில் பத்து வருடமாகச் செத்துக் கிடந்த டிவியை இறக்கிச் சேற்றில் முக்குவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், பக்கத்து வீட்டு நனைந்த சோபாவைத் தூக்கி வந்து தன் கூடத்தில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது முடிக்கிறவரை பேனாவை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அருவருப்பாக இருந்தது.

நாற்காலிக்காரர் இவர்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர். விசேஷங்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். ஏழு வருடத்துக்கு முந்தைய புயலில் இருநூறு நாற்காலியை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாகச் சொல்லிக் காலி அறையைக் காட்டினார். நம்பி எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அலுவலக நண்பர் வீட்டுக் கல்யாணத்தில், நான் உட்காரப் போன நாற்காலியின் முதுகில் அவர் கடைப் பெயரும் எண்ணும் இருந்தன. எழுபத்து மூன்று. வெள்ளத்தோடு போனதாக நான் கையெழுத்துப் போட்ட எண். அவரே அருகில் வந்து, "நல்லா சாஞ்சு உக்காருங்க சார், தாங்கும்," என்றார். விஷயம் தெரிந்த நாலு பேர் சிரித்தார்கள். நான் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இந்தமுறை மீட்புப் படகுகள் போதவில்லை. சர்வேயர்கள் எப்படியும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகிறார்களே என்று எங்கள் கையிலேயே பெயிண்ட் டப்பாக்களைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஆள் இருந்தால் கதவில் சிவப்பு வட்டம், இல்லாவிட்டால் வெள்ளை. வெள்ளை வட்டம் போட்ட வீட்டில் படகு நிற்காது. இரண்டு மணிக்கு ஏரி மதகைத் திறப்பார்கள், தாழ்வான தெருக்களில் தண்ணீர் மறுபடி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

நாற்காலிக்காரர் இருந்த பதினோராம் வீட்டுக்கு நான் போனபோது மணி பதினொன்றரை. பின்பக்கச் சுவர் சரிந்து, அடுக்கி வைத்திருந்த நாற்காலிகளின் மேல் விழுந்திருந்தது. வழக்கம்போல, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். குவியலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"சர்வேயர் சார்தானே? உங்க குரல் மறக்குமா? கால் மாட்டிக்கிச்சு சார். இடுப்பு வரைக்கும் தண்ணி. வீட்டுக்காரி முகாம்ல இருக்கா. நான்தான் சரக்கைப் பாத்துட்டு வரேன்னு வந்து மாட்டிக்கிட்டேன்."

"மொத்தம் எத்தனை நாற்காலி?"

"முன்னூத்திப் பன்னெண்டு. இந்தத் தடவை சத்தியமா சார்," என்றார்.

கண்ணுக்குத் தெரிந்தவற்றை எண்ணினேன். நூற்று நாற்பது. இடுப்பளவு தண்ணீரில் கிடந்துகொண்டும் புளுகுகிறான் என்று நினைத்தேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"இருங்க, படகை அனுப்பறேன்," என்றேன்.

"நல்லா இருப்பீங்க சார்."

எண்ணிக்கைக்கு ஆதாரமாக ஒரு படம் எடுத்தேன். இப்போது இந்த ஸ்டேஷனில் உங்கள் மேஜையில் இருப்பது அதுதான். நாற்காலிக் கால்களுக்கு நடுவில் தெரிவது துணி இல்லை, அவர் விரல்கள். படம் எடுக்கும்போதே கவனித்தேன்.

வெளியே வந்து கதவைத் துடைத்தேன். ஈரத்தில் பெயிண்ட் பிடிக்காது. பையில் இரண்டு டப்பாவும் இருந்தன. வெள்ளையை எடுத்தேன். வட்டம் கோணாமல் வந்தது. நான் அடுத்த வீட்டில் இருந்தபோது படகு வந்தது. படகுக்காரர் வேகத்தைக் குறைத்து, "பதினொண்ணுல யாரும் இல்லையே சார்?" என்று கேட்டார். "அதான் போட்டிருக்கே," என்றேன். அவர் போய்விட்டார்.

ஒரு மணிக்கு முகாமுக்குப் போனேன். நாற்காலிக்காரரின் மனைவி ஓடி வந்தார். "அண்ணே, எங்க வீட்டுக்காரரைப் பாத்தீங்களா? காலைல போனவரு இன்னும் வரல." "பாக்கலையேம்மா," என்றேன். மதகு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. டீ கொடுத்தார்கள். குடித்தேன்.

மூன்றாம் நாள் இடிபாடுகளை அகற்றி அவரை எடுத்தார்கள். அவருக்குப் பிறகு நாற்காலிகளை எடுத்தார்கள். நானே நின்று இரண்டு தடவை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில்தான் முதல்முறையாக என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. பத்தொன்பது வருட அனுபவத்தில் எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய பிசகு நான் செய்ததில்லை. அன்றே அறிக்கையைத் திருத்தினேன்.

அவரைச் சாகவிட்டது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் முழுத் தொகை அந்தம்மா கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. என்னால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாற்காலிகூட நஷ்டமில்லை.