ஆணியில் தொங்கிய வாட்ச்

கனம் நீதிபதி அவர்களுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்களோ காவல்துறையோ என்னை விசாரணைக்கு அழைக்கவில்லை, இனி அழைக்கப்போவதும் இல்லை. ஆகவே, என்னை எதிரில் உட்கார வைத்து ஓர் அதிகாரி எழுதிக்கொண்டிருக்க வேண்டியதை நானே எழுதுகிறேன்.

பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். வயது நாற்பத்தொன்பது. படிப்பு மின்பொறியியல் பட்டம், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் இடம். இருப்பிடம் என் தங்கை வீட்டு மாடி அறை. தொழில், தங்கையின் கணவர் நடத்தும் வண்டிப் பட்டறையில் மின்வேலை மேற்பார்வை. மேற்பார்வை என்பது விசிட்டிங் கார்டில் உள்ள சொல். நடப்பில், எட்டாம் வகுப்பு தாண்டாதவர் சொல்வதற்கெல்லாம் முதுகில்லாத ஸ்டூலில் உட்கார்ந்து தலையாட்டும் வேலை. வாடிக்கையாளர் யாராவது வந்தால் மாப்பிள்ளை என்னைக் காட்டி, "நம்ம பட்டறையில இஞ்சினியர் இருக்காரு, டீ வாங்கிட்டு வருவாரு" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். ஆனாலும் பதிவாகட்டும்.

எங்கள் பட்டறையில் மலையிலும் காட்டிலும் ஓட்டும் ஜீப்புகளுக்குக் கூடுதல் சாமான்கள் பொருத்துகிறோம். ஒயரிங் வேலை செய்தவன்தான் இப்போது உங்கள் முன் குற்றவாளியாக நிற்பவன். ஒரு முனையை நாலு தடவை இழுத்துப் பார்க்காமல் அடுத்த முனைக்குப் போகமாட்டான். அவ்வளவு மெதுவாக வேலை செய்வதால் அவனுக்குப் பட்டறையில் மின்னல் என்று பெயர். காலையில் வந்ததும் இடது கையிலிருந்து ஸ்டீல் செயின் வாட்ச்சைக் கழற்றி, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவான். அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பன்னெண்டு வோல்ட் ஆளை ஒண்ணும் பண்ணாது. ஆனா நடுவுல இரும்பு கிடைச்சா விடாது" என்று நான் சொல்லியிருந்தேன். பட்டறையில் நான் சொன்ன ஒன்றைக் கேட்டு நடந்தவன் அவன் ஒருவன்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

கல்குவாரி நடத்தும் ஒருவர் தன் புது வண்டிக்கு இரண்டாவது பேட்டரி வைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்து விட்டார். வழக்கமான பேட்டரி முன்னால் இருக்கும், இன்ஜினைக் கிளப்புவது அது. கூடுதலாக வைப்பது பின் சீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டியில் இருக்கும். நிற்கும் வண்டியில் ஃபிரிட்ஜ், விளக்கு, பிறகு சேற்றில் மாட்டினால் இரும்புக் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் மோட்டார் எல்லாம் இதில் ஓடும். இரண்டு பேட்டரியையும் விரல் தடிமனுள்ள சிவப்பு கேபிள் தரையோடு ஓடி இணைக்கும். அதன் இரண்டு முனையிலும், பேட்டரியை ஒட்டியே, ஃபியூஸ் இருக்க வேண்டும். கேபிள் எங்காவது உரசித் தோலுரிந்து வண்டியின் உடம்பைத் தொட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் கரண்ட் பாயும் என்பதே காரணம். மின்னல் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வைத்தான். நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு குவாரிக்காரர் முன்னிலையில் வின்ச் கொக்கியை ஒரு லாரியில் மாட்டி இழுத்துப் பார்த்தபோது, வின்ச்சுக்குப் போகிற கரண்டும் அதே கேபிளில் ஓடியதால் பின் ஃபியூஸ் எரிந்துபோனது. மாற்றினோம், மறுபடியும் போனது.

"என்னய்யா பட்டறை இது? இழுக்கச் சொன்னா இருமுது" என்றார் குவாரிக்காரர்.

மின்னல், "மொதலாளி, வின்ச்சுக்குத் தனியா ஒரு கேபிள் போட்டுடலாம். நாளைக்குச் சாயங்காலம் வண்டிய எடுத்துக்கலாம்" என்றான்.

"இவன் பேரு மின்னலாம். ஆனா நாளைக்குத்தான் இடிப்பானாம்" என்று குவாரிக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை அதிகமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வண்டிக்குள் ஏறி, பின் ஃபியூஸை அதன் கூட்டோடு கழற்றி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு சீட் போல்ட்டால் சேர்த்து முடுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினார்.

நான் எழுந்துபோய், "மாப்ள, அதை எடுக்காதீங்க. பின் பேட்டரிக்குக் காவலே இல்லாமப் போயிடும்" என்றேன்.

"மச்சான், கரண்ட் முன்னாலருந்துதான் பின்னால போகுது. முன்னால ஒரு ஃபியூஸ் இருக்குல்ல? வாசலைப் பூட்டினாப் போதாதா?"

"கொல்லைக் கதவு தெறந்து கெடந்தா?"

குவாரிக்காரர் இதற்கும் சிரித்தார். மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார் என்பதுதான் வினையாகிவிட்டது. கையிலிருந்த ஃபியூஸ் கூட்டை மாப்பிள்ளை என் முகத்தில் விட்டெறிந்து, "இந்தாங்க, உங்க பட்டத்தோட சேத்து ஃபிரேம் போட்டு மாட்டிக்குங்க" என்றார். இடது புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. கூட்டின் மூடி விரிசல் விட்டது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு மாப்பிள்ளை குவாரிக்காரரின் டிரைவரைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் பொகை கிகை வந்தா முன் பேட்டரிய கழட்டிடு. அப்புறம் வண்டி செத்த பாம்பு" என்று சொல்லி அனுப்பினார்.

சில வாரம் கழித்து, குவாரிக்காரரும் வண்டியில் இருந்தபோது, மலைப்பாதையில் டிரைவரின் சீட்டுக்கு அடியில் கேபிள் தோலுரிந்தது. அதன் பிறகு நடந்ததை அந்த டிரைவரே ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார். பட்டறை சார்பில் பழம் கொடுத்துவிட்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள், அந்த மாதிரி வேலைக்கு மேற்பார்வையாளர்தான் போவார். கட்டுகளுக்கு நடுவே டிரைவருக்கு வாய் மட்டும்தான் வெளியே தெரிந்தது, பழத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "சார், பொகை வந்ததும் எறங்கி முன் பேட்டரிய கழட்டிட்டேன் சார். கையில எடுத்துக் காட்டினேன். ஐயா உள்ள பை இருக்கு, எடுத்துட்டு வான்னாரு. செத்த பாம்புதானன்னு பின்னால ஏறினேன். கழட்டிட்டேன் சார், அப்புறமும் எரிஞ்சுது" என்றார். கடைசி வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பின் பேட்டரி அவர் நெஞ்சுக்கு நேராக வெடித்திருக்கிறது. மறுநாள் இறந்துபோனார்.

அவரை அடக்கம் செய்துவிட்டுக் குவாரிக்காரர் இரண்டு ஆட்களுடன் நேராகப் பட்டறைக்கு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மாப்பிள்ளையே ஷட்டரை இறக்கினார். "எவன்டா ஒயரிங்?" என்று குவாரிக்காரர் கேட்டதும் மாப்பிள்ளை தாடையால் மின்னலைக் காட்டினார். மின்னல், "ஐயா, நான் வச்ச ஃபியூஸ..." என்று தொடங்கினான். அதற்குள் ஓர் ஆள் வீல் ஸ்பேனரால் அவன் வாயில் அடித்தான். தாடை பிசகி ஒரு பக்கமாகத் தொங்கியது. அதன் பிறகு அவன் பேசியது எதுவும் சொல்லாக இல்லை. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார்கள். தலையை மூட வந்த இடது கையின் மேல் ஸ்பேனரை இறக்கினார்கள், அந்தச் சத்தம் ஷட்டரில் பட்டுத் திரும்பி வந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். மற்ற ஆள் என்னைச் சுவரோடு சேர்த்துத் தொண்டையில் முழங்கையை வைத்து அழுத்தினான். மாப்பிள்ளை, "அவரை விடுங்க. நம்ம வீட்டு ஆளு, பேசமாட்டாரு" என்றார். அந்த ஆள் முழங்கையை எடுக்கவில்லை.

அதன் பிறகு குவாரிக்காரர், "என் டிரைவர் வெந்த மாதிரி இவன் வேக வேண்டாமா?" என்று சொல்லி, தரையில் இருந்த ஒரு பேட்டரியிலிருந்து ஜம்பர் கேபிளை இழுத்து, இரண்டு கவ்விகளையும் மின்னலின் வலது கையில் மாட்டினார். கவ்வியின் பல் தோலில் இறங்கியதே தவிர வேறொன்றும் ஆகவில்லை. "என்னய்யா, இதுலயும் கரண்ட் இல்லையா?" என்று அவர் கேட்க, ஆட்கள் சிரித்தார்கள். பட்டறையைப் பார்த்து மறுபடியும் ஒரு சிரிப்பு. மாப்பிள்ளையால் அதைத் தாங்க முடியவில்லை. சுவிட்ச் போர்டுக்கு நடந்துபோய், ஆணியில் தொங்கிய வாட்ச்சை எடுத்துவந்தார். உடைந்த இடது கை தொங்கிக்கொண்டிருந்ததால் வலது மணிக்கட்டில் மாட்டி, கொக்கியைச் சரியாகப் போட்டார். "பன்னெண்டு வோல்ட் ஆளை ஒண்ணும் பண்ணாதுங்க. நடுவுல இரும்பு வேணும். இப்ப செயின்ல வைங்க" என்றார்.

நான் சொன்ன வார்த்தைகள். அவரும் கேட்டிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வைத்தார்கள். செயின் சிவந்து, பிறகு வெளுத்தது. ஸ்பேனர் வைத்திருந்த ஆளும் மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவனால் உதற முடியவில்லை. மின்னலின் குரல் மனிதக் குரல் போல இல்லை. நாற்றத்தைப் பற்றி எழுதவில்லை. செயின் அறுந்து விழுந்தபோது அதன் கண்ணிகளில் சில அவன் கையிலேயே தங்கிவிட்டன.

அதன் பிறகு மாப்பிள்ளையும் குவாரிக்காரரும் அறைக்குள் போய்ப் பேசினார்கள். ஒருவர் பின் ஃபியூஸைக் கழற்றியவர், மற்றவர் எரிகிற வண்டிக்குள் ஆளை ஏற்றியவர் என்பது இருவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வெளியே வரும்போது ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். காவல்துறைக்குச் சொன்னது இது: வாட்ச்சைக்கூடக் கழற்றாமல் பேட்டரியில் வேலை செய்யும் கவனமில்லாத ஆள், குவாரிக்காரரின் வண்டியில் ஃபியூஸ் வைக்க மறந்து டிரைவரின் சாவுக்குக் காரணமானான், அதே கவனக்குறைவால் தானும் சுட்டுக்கொண்டு, துடித்ததில் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக் சரிந்து வண்டிக்கடியில் நசுங்கித் தாடையையும் கையையும் உடைத்துக்கொண்டான். மின்னல் தாடை கூடியதும் உண்மையைச் சொன்னான். சாட்சி இல்லை என்றார்கள். அன்று நான் விடுப்பில் இருந்ததாக மாப்பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மின்னல் அடிபட்ட அன்றே தங்கை மாடிக்கு வந்தாள். "அண்ணா, அவரு உள்ள போனா என் பிள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?" என்றாள். "உனக்கே நாங்கதான போடுறோம்" என்றும் சொன்னாள். இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நேற்று மின்னலின் மனைவி பட்டறை வாசலில் என்னை மறித்தாள். கெஞ்சவில்லை. "வாட்ச்ச கழட்டாம அவரு வீட்ல பல்புகூட மாத்தமாட்டாரு. உங்களுக்குத் தெரியாதாண்ணே? திங்கக்கிழமை தீர்ப்பு" என்று சொல்லிவிட்டு, சுவிட்ச் போர்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஆணி அப்படியே இருந்தது, அதற்குக் கீழே இத்தனை வருடம் வாட்ச் உரசிய இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. அவளும் அதைத்தான் பார்த்தாள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். மூன்று இடங்களில் பாருங்கள். காவல் நிலையத்தின் பின்புறம் நிற்கும் எரிந்த வண்டியில், பின் பேட்டரிப் பெட்டிக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட் போல்ட் இருக்கும். மறந்துபோனவன் போல்ட் போட்டு முடுக்கமாட்டான். பெட்டியின் பக்கவாட்டில் ஃபியூஸ் கூடு திருகப்பட்டிருந்த இரண்டு ஓட்டைகள் இருக்கும். இத்துடன் வைத்திருக்கும் கூட்டை அங்கே வைத்துப் பார்த்தால் பொருந்தும். கடைசியாக, ஆஸ்பத்திரியில் முதல் நாள் எடுத்த படத்தை எடுத்துப் பாருங்கள். வாட்ச் கட்டி வெயில் படாமல் வெளுத்திருக்கும் தடம் இடது மணிக்கட்டில் இருக்கிறது. வெந்திருப்பது வலது கை.

மேலே உள்ளவை நான் கண்டவை, கேட்டவை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அடித்தும் எழுத வைக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை.

பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தேன். இரண்டு முறை பேனாவை வைத்துப் பார்த்தேன். தங்கைக்காக என்று சொன்னால் அது பாதிதான். மாப்பிள்ளைக்கு இந்தக் கூட்டின் விரிசலைப் பார்த்ததுமே யார் அனுப்பியது என்று தெரிந்துவிடும், அவர் எறிந்ததன் தழும்பு என் புருவத்தில் இருக்கிறது. மறைந்துகொள்வதற்காகப் பெயரை விடவில்லை. அன்று அந்தப் பட்டறையில் நான் இருக்கவே இல்லை என்று உங்கள் கோப்பு சொல்கிறது, அதில் அரசு முத்திரையும் இருக்கிறது. இல்லாதவன் கையெழுத்து எதற்கு? என்னை அங்கே இருந்தவனாக நீங்கள் எழுதுகிற நாளில் கூப்பிடுங்கள், வந்து உங்கள் எதிரிலேயே போடுகிறேன். இப்போது இதைக் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.