மேற்குத் தொட்டி

காடு வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. நாங்கள் ஒரு கன்றுகூட நடவில்லை. ஆடு வாய் வைக்காமல் இருந்தால் மண்ணுக்குள் கிடக்கும் பழைய வேர்கள் தாமாகத் துளிர்க்கும். அந்த மரங்கள் காற்றிலிருந்து இழுத்து வைக்கும் கார்பனுக்குக் கம்பெனி பணம் தருகிறது.

நிலம் எனக்கும் அண்ணனுக்கும் பொது. ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆனால் ஆடுகளை விற்கமாட்டேன் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். நானும் அண்ணியும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஓரமாகத்தான் மேய்க்கிறேன் என்பார். ஆட்டுக்கு ஓரம் என்ன, நடு என்ன?

கம்பெனியிலிருந்து மரங்களை அளவெடுப்பவர் வரப் பத்து நாள்தான் இருந்தது. துளிர்கள் மொட்டையாக நின்றன. அளவு குறைந்தால் பணம் வராது, எட்டு வருடக் காத்திருப்பும் வீண். மேய்ச்சல் நிலத்திலிருந்து ஆட்டை விரட்ட எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், தண்ணீரை நிறுத்தினேன். ஆடு குடிக்கும் மூன்று தொட்டிகளில் இரண்டை முன்பே அண்ணனிடம் சொல்லிவிட்டு மூடியிருந்தேன். மேற்குத் தொட்டி வீட்டிலிருந்து அரை நாள் நடை. அதை மட்டும் சொல்லாமல் வடித்துவிட்டு, வால்வை மூடி, அதன் கைப்பிடியையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் அந்தப் பக்கம் ஓட்டிப்போனார். நல்ல கோடை. இரண்டு நாள் கழித்துப் பாதி ஆடுகள் மட்டும் வீடு வந்தன. அண்ணனைத் தொட்டியடியில் கண்டெடுத்தோம். வால்வைச் சுற்றிக் கையாலேயே மண்ணைத் தோண்டியிருந்தார். நகங்கள் பெயர்ந்திருந்தன.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி" என்று அண்ணி அழுதார். மறந்துவிட்டேன் என்றேன். நம்பிவிட்டார். நான் சாப்பிடவில்லை என்று எனக்கே சோறு போட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அளவெடுப்பவர் வந்தார். மேய்ச்சல் நின்றுவிட்டது என்று எழுதிக்கொண்டு என் கையைக் குலுக்கினார். நீங்களும் ஸ்டேஷனில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள்.

அன்று காலை ஆடுகளோடு கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று கேட்டார்.

"மேக்குத் தொட்டில தண்ணி இருக்காடா?"

"நிறைய இருக்குண்ணே."

இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒரு கேன் நிரப்பித் தோளில் தூக்கினார். இதை வேறு எதற்குச் சுமக்கிறீர்கள் என்று நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

ஆடுகள் மட்டும்தான் சாகும் என்று நினைத்தேன், ஐயா.