பாமன்கடை வீட்டு நீச்சல் தடாகத்தில் றொஹான் இறங்கியது பற்றி

என் பெயர் சவரிமுத்து வலன்ரைன். வயது எழுபத்து நான்கு. கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதியில் மகள் றேணுகாவின் வீட்டில் வசிக்கிறேன். முன்னர் துறைமுகத்தில் வேலை செய்தேன், அதன் பிறகு வீடுகளிலுள்ள நீச்சல் தடாகங்களைச் சுத்தம் செய்து மோட்டர் பார்த்து வந்தேன், இப்போது தொழில் இல்லை. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. திகதிகளை அந்த நேரம் நடந்தவற்றை வைத்தே சொல்வேன். ஒருவரும் அழைக்காமல் நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

நான் சொல்வது டீசலுக்கும் சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற வருடம். சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் அங்குள்ள தடாகத்தில் குளித்தார்களே, அந்த வருடம். அவர்கள் குளித்தது சனிக்கிழமை. அதிலிருந்து பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை பகல் இது நடந்தது.

அன்று காலை பாமன்கடையில் சண்முகலிங்கம் அவர்களின் வீட்டுக்கு நானும் றொஹானும் பஸ்ஸில் போனோம். றொஹான் என் தெருவைச் சேர்ந்தவர், வயது முப்பத்தாறு, ஆறு வருடமாக என்னுடன் வேலை செய்தவர். சண்முகலிங்கம் டீசல் வரிசையில் இரண்டாவது நாளாக நிற்கிறார் என்று அவருடைய மனைவி இரத்தினம்மா சொன்னார். மகன் ஜனா மேல்மாடியில் இருந்தார். மோட்டர் இழுத்து வடிகட்டித் தடாகத்துக்குத் திருப்பிவிடும் தண்ணீர் நூல்போல வருகிறது, அதைப் பார்க்க வேண்டும் என்று இரத்தினம்மா சொன்னார். குளோரின் கடைகளில் கிடைக்காத காலமாகையால் தண்ணீர் பச்சையாக இருந்தது. இரண்டு அடிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகு மோட்டரை ஓடவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தண்ணீர் மட்டம் சரியாக இருந்தது. ஓரத்திலுள்ள கூடையில் மாவிலை இருந்தது, எடுத்தேன். மோட்டரின் மூடியைக் கழற்றி உள்கூடையைக் கழுவினேன். மூடியின் றப்பர் வளையத்துக்குக் கிறீஸ் பூசினேன், காற்று இழுக்கவில்லை. பில்டரில் அழுத்தம் காட்டும் முள் கீழேயே நின்றது. பில்டர் அடைத்திருந்தால் முள் மேலே ஏறும், கீழே நின்றால் அடைப்பு மோட்டருக்கு முன்னால் இருக்கிறது. அதன் பிறகு ஓரக்குழாயின் வால்வைப் பூட்டி அடிக்குழாயால் மட்டும் இழுக்க விட்டேன். தண்ணீர் அறவே நின்றது. ஆகையால் அடைப்பு தடாகத்தின் அடியில், எட்டு அடி ஆழத்திலுள்ள துவாரத்தில் என்று தெரிந்துகொண்டேன். அந்த வால்வை நான் திரும்பத் திறக்கவில்லை. அடைப்பு எடுத்தவுடன் சோதித்துப் பார்க்கலாம் என்று அப்படியே விட்டேன்.

அன்று அந்தப் பகுதிக்குப் பகல் ஒன்றரைக்குக் கரண்ட் போய் மூன்று மணிக்கு வரும் என்று பட்டியல் இருந்தது. அந்த வருடம் தடாக வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் அடியில் இறங்கும் வேலையைக் கரண்ட் வெட்டுகிற நேரத்துக்கே வைத்துக்கொண்டோம். மோட்டர் தானாக நிற்கும், தானாக ஓடும். ஒன்றரைக்குக் கரண்ட் போனது, மோட்டர் நின்றது. அதன் பிறகு நான் குசினிப் பின்பக்கத்திலுள்ள சுவிச்சையும் நிற்பாட்டப் போனேன். இரத்தினம்மா அங்கே தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வலன்ரைன், அந்தச் சுவிச்சில மட்டும் கை வைக்காதைங்கோ. பிறிட்ஜும் அதிலதான். போன கிழமை ஆரோ நிப்பாட்டிப்போட்டு மறந்துபோய் என்ர இன்சுலின் எல்லாம் பழுதாப் போச்சு. இப்ப எந்தக் கடையிலயும் இல்லை.”

“சரி அம்மா” என்று சொல்லி நான் கையை எடுத்தேன்.

திரும்பி வரும்போது றொஹான் சட்டையைக் கழற்றி மதிலில் போட்டுவிட்டு நின்றார். “மாமா, மோட்டர் நிப்பாட்டியாச்சா?” என்று கேட்டார். “கரண்ட் இல்ல தானே, மூணு மணி மட்டும் வராது, இறங்கு” என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். “அங்க சனம் சும்மா குளிச்சிச்சு. நமக்கு மட்டும் வேல செஞ்சுதான் குளிக்கக் கெடச்சிருக்கு” என்று சொல்லி இறங்கினார்.

முதல் தரம் போய் துவாரத்தின் மூடியைக் கழற்றிக் கொண்டுவந்து கரையில் வைத்தார். இரண்டாம் தரம் ஒரு கை நிறைய இலைச் சேறும் கிழிந்த பொலித்தீனும் கொண்டுவந்தார். “இன்னும் உள்ள இருக்கு மாமா, முழங்கை மட்டும் விட்டா வந்துரும்” என்றார். மூன்றாம் தரம் மூச்சு இழுத்துக்கொண்டு போனார். நேரம் இரண்டு மணிக்குக் கிட்ட இருக்கும்.

அவர் போவதற்குச் சற்று முன்னரே முன்பக்கத்தில் வாகனச் சத்தமும் வாசல் படலைச் சத்தமும் கேட்டிருந்தன. றொஹான் போனவுடன் சண்முகலிங்கம் அவர்கள் “ரத்தினம், டீசல் கிடைச்சிட்டுது! ஓடி வாரும்!” என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதன் பிறகு ஜெனறேற்றர் ஓடத் தொடங்கியது.

அந்த ஜெனறேற்றர் டீசல் இல்லாமல் மூன்று கிழமையாக நின்றது. அது ஒன்று இருக்கிறது என்பதே அன்று வீட்டில் நின்ற எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. அது பிறிட்ஜுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். பிறிட்ஜ் வயரில்தான் மோட்டரும் இருந்தது.

நான் தண்ணீர் திரும்பிவரும் குழாய்களைப் பார்த்தேன். நான்கிலும் தண்ணீர் பலமாகப் பாய்ந்து வந்தது, காலை முழுக்க அப்படி வரவில்லை. அடைப்புப் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். இதை நான் மறைக்கவில்லை. அதன் பிறகு நான்கும் ஒரே நேரத்தில் நின்றன. மோட்டர் மட்டும் ஓடியது. எதனால் அடைத்தது என்று அப்போது விளங்கியது.

நான் குசினிக்கு ஓடினேன். ஓடினேன் என்று சொன்னாலும் எழுபத்தொரு வயதில் என் ஓட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சுவிச்சை நிற்பாட்டி ஜனாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பாய்ந்தார். பச்சைத் தண்ணீரில் முதல் தரம் கண்டுபிடிக்க முடியாமல் மேலே வந்தார். இரண்டாம் தரம் றொஹானைக் கொண்டுவந்தார். வலது கை முழங்கைக்கு மேல்வரை கறுத்திருந்தது. சண்முகலிங்கம் அவர்கள் டீசல் ஊற்றிய புனலைக் கையில் வைத்தபடி வந்து நின்று, “மோட்டர் ஓடினதோ?” என்று கேட்டார். நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். இரத்தினம்மா எங்களுக்கு ஊற்றிய இரண்டு கோப்பைத் தேநீரும் மதிலில் இருந்தன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

அன்று பின்னேரம் பொலிஸார் வந்தார்கள். அதற்கு முன் ஜனா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அங்கிள், அப்பாவுக்கு பைபாஸ் செய்தது உங்களுக்குத் தெரியும். ஜெனறேற்றரைப் பற்றி அவரைக் கேட்கத் தொடங்கினா அவர் தாங்க மாட்டார். றொஹான் இனி வரப்போறதில்லை” என்று சொன்னார். அதன் பிறகு அவர் பொலிஸாரிடம் சிங்களத்தில், வேலைக்கு வந்தவர் நாங்கள் உள்ளே இருந்தபோது கேட்காமல் குளிக்க இறங்கினார் என்று சொன்னார். என்னையும் கேட்டார்கள். “ஓவ் மாத்தயா”, ஆம் ஐயா, என்றேன். எழுதியதை எனக்கு வாசித்தார்கள். முப்பது வருடம் துறைமுகத்தில் சிங்களத்திலேயே வேலை செய்தவன் நான், விளங்கவில்லை என்று சொல்ல வழியில்லை. விளங்கித்தான் பெருவிரல் வைத்தேன்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து வரும்போது றொஹானின் மனைவி நிலூஷா என்னை நிறுத்தினார். மகளுக்கு இப்போது பதினொரு வயது. “மாமா, இவ ஸ்கூல்ல பிள்ளைங்க சொல்லுதாம், ஒங்கப்பா பணக்கார ஊட்டுத் தண்ணியில களவாக் குளிச்சி செத்தவருன்னு. பேப்பர்லயும் அப்பிடித்தானே எழுதிருக்கு. அவரு அப்பிடிக் குளிச்சிருப்பாரா மாமா? நீங்கதானே பக்கத்துல நிண்டீங்க” என்று கேட்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு மூன்று நாள் என்னால் சாப்பிட முடியவில்லை. இன்று வந்தேன்.

றொஹான் குளிக்க இறங்கவில்லை, வேலைக்கு இறங்கினார். கேட்காமல் இறங்கவில்லை, மோட்டர் நிற்பாட்டியாச்சா என்று கேட்டுத்தான் இறங்கினார். முன்பு எழுதியதை மாற்றி இதை எழுத வேண்டும்.

இன்னும் ஒன்று. வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகள் கூரைவரை வெள்ளத்தில் நின்ற வருடம், அந்த வீட்டு மோட்டரின் பழைய சுவிச் எரிந்துபோனது. அப்போது மோட்டரைப் பிறிட்ஜ் வயரில் இணைத்தவர் கரண்ட் வேலை செய்யும் மாளிகாவத்தை மக்கீன் நானா. “இது ஜெனறேற்றர் லைன், ஞாபகம் வச்சுக்கோங்க” என்று அவர் சொன்னபோது வீட்டுக்காரர் இருவரும் நானும் பக்கத்தில் நின்றோம். ஜனா அப்போது வெளிநாட்டில். மக்கீன் நானா கொரோனாவில் இறந்தார். இரத்தினம்மா றொஹான் இறந்ததற்கு அடுத்த வருடம் இறந்தார். சண்முகலிங்கம் அவர்கள் போன ஆடியில் இறந்தார். றொஹானுக்கு அதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

நான் தமிழில் சொன்னதை உத்தியோகத்தர் தமிழில் எழுதி இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். இதில் பொய் இல்லை, விட்டதும் இல்லை. அந்த வயர் எங்கே போகிறது என்று அன்றே தெரிந்திருந்தவர்களிலும், றொஹானை இறங்கு என்று சொன்னதைக் கேட்டவர்களிலும் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே ஆள்:

சவரிமுத்து வலன்ரைன்
(இடது பெருவிரல் அடையாளம்)