மெதுவாக ஓடினால் போதும்

— அக்கா, இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாம் எது வேகமா ஓடும்னுதான் கேப்பாங்க. நீங்க எது மெதுவா ஓடும்னு கேக்குறீங்களே!

— மெல்லப் பேசுங்கோ தம்பி பாலன். வெளியில போற ஆக்களுக்குக் கேட்கப் போகுது. கோலாலம்பூரில, அதுவும் இந்தப் பிரிக்பீல்ட்ஸில, எங்கட லோயரைத் தெரியாத ஆள் ஆர்?

— வீரசிங்கம் லோயர் காலையிலயே போன் போட்டாரு. ‘லேப்டாப் எடுக்க எங்க டைப்பிஸ்ட் சிவமலர் வருவாங்க. விலைக்கு மேல இன்னும் ரெண்டாயிரம் ரிங்கிட்டுக்கு என்னென்ன சேக்கணும்னு அவங்களே சொல்லட்டும்’னாரு. நான் சொல்றதைக் கேளுங்க. முதல்ல மெமரி. இந்தத் தொண்ணூத்தாறு மாடல்ல எட்டு எம்.பி.தான் இருக்கு, முப்பத்திரண்டா ஆக்குங்க. அப்புறம் இன்னொரு பேட்டரி. மத்ததெல்லாம் சும்மா ஷோ லா.

— மெமரி கூட்டாட்டி என்ன ஆகும்?

— நீங்க எழுத்தை அடிச்சா, அது ஒரு கொட்டாவி விட்டுட்டுதான் ஸ்கிரீனுக்கு வரும்.

— அப்ப கூட்ட வேண்டாம்.

— அக்கா!

— மற்ற பேட்டரியும் வேண்டாம். ஒண்டு எவ்வளவு நேரம் நிக்கும்?

— ஒன்றரை மணி நேரம். பழசாயிட்டா அதுவும் நிக்காது.

— அது காணும், போதும்.

— அப்ப ரெண்டாயிரத்துக்கும் என்னதான் போடுறது?

— சும்மா ஷோ எண்டு சொன்னியளே, அதுகளைச் சொல்லுங்கோ.

— பெரிய ஹார்ட் டிஸ்க் இருக்கு. உங்க ஆபீஸ் லெட்டரெல்லாம் பத்து வருஷம் போட்டாலும் ஒரு மூலை கூட ரொம்பாது.

— போடுங்கோ.

— பாட்டு கேக்க நல்ல ஸ்பீக்கர். ஆனா கோர்ட் கேஸுக்குப் பாட்டு எதுக்கு?

— அதையும் போடுங்கோ. அந்தத் தோல் பை விலை கூடவோ? அதுவும் இருக்கட்டும்.

— தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கல்யாணப் பொண்ணுக்குச் சோறு போடாம நகையா மாட்டி விடுற மாதிரி இருக்கு. லோயர் மேல ஏதும் கோவமா?

— கோவமோ! பயம் தம்பி, பயம். போன வருஷம் முன் மேசைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்து மூண்டு மாதத்தில, அந்த மேசையில இருந்த மார்க்கிரட்டை வேலையில இருந்து நிப்பாட்டி வீட்டை அனுப்பிட்டார். கேக் வெட்டி, கையில ஒரு மணிக்கூடும் குடுத்து. இப்ப மிச்சம் நானும் என்ர டைப்ரைட்டரும்தான். திங்கக்கிழமை பழைய சாமான்காரன் வந்து அந்த டைப்ரைட்டரைத் தூக்கிப் பாத்து விலை கேட்டிட்டுப் போனான். அண்டையிலயிருந்து எனக்குச் சோறு இறங்கேல்ல.

— அவரு கிட்டயே நேரா கேட்டுட வேண்டியதுதானே?

— கேட்டு, ‘ஓம்’ எண்டு சொல்லிப்போட்டா? ஐம்பத்தொரு வயசில என்னை ஆர் எடுப்பினம்? இது மெதுவா ஓடினா, ‘சீ, இது சரிவராது, சிவமலர், நீங்களே பழையபடி அடியுங்கோ’ எண்டுவார். ஆறு மாதம் கிடைச்சாலும் காணும், மகளின்ர படிப்பு முடிஞ்சிடும்.

— எங்க பெரியக்கா தனலெட்சுமியையும் பேக்டரியில இப்படித்தான் அனுப்புனாங்க. அது ஒரு வருஷம் வாசப்படி தாண்டல... சரி, மனசே வரல, ஆனா உங்களுக்காகப் போடுறேன். இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து.

— போட்டிட்டன். கெதியாப் பெட்டியைக் கட்டுங்கோ.

— இருங்க, போன் அடிக்குது. ஹலோ... ஆ, வீரசிங்கம் சாரா!

— நான் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ!

— இங்கதான் இருக்காங்க சார். எடுத்துட்டாங்க சார். பெரிய ஹார்ட் டிஸ்க், ஸ்பீக்கர், பேக்... மெமரியா? மெமரி வந்து...

— ஐயோ முருகா. தம்பி, உங்களைக் கும்பிடுறன்!

— மெமரி கூட்டல சார். வேணும்னா நான் கொஞ்சம் மாத்தி... ஓ. அப்படியா? கிள்ளான்லயா?... சரி சார். நானே சொல்லிடுறேன் சார்.

— என்ன சொன்னவர்? விளங்கிட்டுதோ அவருக்கு? சொல்லுங்கோவன்.

— மாத்தவே வேணாம்னுட்டாரு. ‘இருபத்திரண்டு வருஷத்துல சிவமலர் கையில ஒரு தப்பு வந்ததில்ல, அவங்க சொன்னதை அப்படியே போடு’ன்னாரு.

— அப்பாடா! இப்பதான் மூச்சு வருது. இனி ஆறு மாதத்துக்கு...

— நீங்க முதல்ல உக்காருங்கக்கா. கிள்ளான்ல புது ஆபீஸ் திறக்குறாராம், அதைத் தனியா நீங்கதான் நடத்தணுமாம். முன்னாடியே சொன்னா பயந்துடுவீங்கன்னுதான் சொல்லலயாம். அங்க டைப்ரைட்டர் கிடையாதாம். இந்த லேப்டாப் அவருக்கு இல்லக்கா, உங்களுக்காம்.