மூன்றாம் ஓலை

முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்ததா, வெறும் சாரல்தானா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. ஐம்பத்தேழு வயதில் நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீங்கள் இந்தச் சபைக்குப் புதிதாக வந்த போதகர். ஞானபாக்கியம் ஏன் கோவிலுக்கு வருவதில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். நினைவில் உள்ளதை எழுதுகிறேன்.

மேலகரத்தில் நானும் அவளும் அப்போது பதினாறு வருடமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் பள்ளிக்கூட ஆசிரியை. என்னைவிடப் பதினொரு வயது இளையவளான அவள் தென்காசியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்பவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை.

தனியாக இருப்பதில் லாபம் உண்டு. பழைய குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் யாரையும் கேட்காமல் பஸ் ஏறலாம். பசி இல்லாவிட்டால் உலை வைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால், என்ன கோபம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நஷ்டமும் உண்டு. காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி வராது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "சார் என்ன வேலை பாக்காரு?" என்பார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்த பிறகு நஷ்டம் போய் லாபம் மட்டும் நின்றது. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று நம்பியிருந்தேன்.

வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் கிங்ஸ்லி, மனைவியை இழந்தவர், சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்தார். பிறகு சர்க்கரை இல்லாதபோதும் வந்தார்.

"அக்கா, சிரிக்காதீய. நாப்பத்திரெண்டு வயசுல கண்ணாடி முன்னால நிக்க ஆசை வருது," என்றாள் ஞானபாக்கியம்.

"நில்லுட்டி. கண்ணாடி உடையாம இருந்தாச் சரி," என்றேன். இருவரும் சிரித்தோம்.

கல்யாணம் பேசி முடித்ததும் அவர் ஒரு சாக்குத் தேங்காயோடு வீட்டுக்கு வந்தார். "டீச்சர், நீங்க மட்டும் இங்கன கிடந்து என்ன செய்யப் போறீய? எங்ககூட வந்துருங்க. தேங்கா உரிக்க ஆளு கிடைக்க மாட்டேங்கு."

ஞானபாக்கியம் சிரித்துக்கொண்டே அவர் தோளில் அடித்தாள். அவள் ஒருவரை அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

நம் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று பழைய போதகர் இரண்டு முறை வாசித்தார். இரண்டாம் ஓலையன்று காணிக்கைப் பையில் ஒரு மொட்டைக் கடுதாசி கிடந்தது. ஞானபாக்கியம் புனலூரில் வேலை பார்த்தபோது ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்தாள், அவன் உயிரோடு இருக்கிறான் என்று அதில் எழுதியிருந்தது.

போதகர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"செல்லக்கனி டீச்சர், உங்களுக்குத் தெரியாம இருக்காது. இது பொய்தானே?"

நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன். பேசாமல் இருப்பது பொய் ஆகாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து, அவள் லேபில் இருந்த நேரத்தில் கிங்ஸ்லி வந்தார். உட்காரவில்லை.

"அவ இல்லவே இல்லைன்னு அழுதா. வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்காவ. பதினாறு வருசம் கூட இருந்தவ நீங்க. பொய்யின்னு ஒத்த வார்த்தை சொல்லுங்க டீச்சர். யாரு என்ன சொன்னாலும் நான் கட்டிக்கிடுதேன்."

நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் வந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. அவர் ஏன் வரவில்லை என்று அவள் பல நாள் கேட்டாள்.

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

அந்தக் கடுதாசியை எழுதியவள் நான். இடது கையால் எழுதினேன். புனலூரில் தனக்குச் சாட்சி சொல்லக்கூட ஒரு நாதி கிடையாது என்று எப்போதோ அவள்தான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

கிங்ஸ்லி மறு வருடம் வாசுதேவநல்லூரில் ஒரு நர்ஸைக் கட்டினார். ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பழைய போதகர் மாற்றலாகிப் போனார். ஞானபாக்கியம் லேபை விட்டு நான்கு வருடம் ஆகிறது. ஜனங்கள் பார்க்கிறார்கள் என்று தெருவில் இறங்குவதில்லை. வாசலில் யாராவது கூப்பிட்டால் உள் அறைக்குப் போய்விடுகிறாள். தூக்க மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "சீக்கிரம் வந்துருங்கக்கா, உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்கிறாள். நானும் சீக்கிரமே வந்துவிடுகிறேன்.

அவளுக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.