தாரா கவிழாத அலை

இல்ல சேர், ஹாதிக் தன்ட எஞ்சின் போட்ட வேகமா ஓட்டி என்ட தோணியக் கவிழ்த்தாரெண்டு முறைப்பாடு எழுதினது நான் இல்ல. அது எங்கட மசூர் காக்கா எழுதின. ஓம், கூடப் பொறந்த காக்காதான். தோணியால விழுந்த ஸுஹைறா நான். கையெழுத்து வாங்கத்தானே இந்த போட் பெர்மிட் குடுக்கிற கந்தோருக்குக் கூப்பிட்ட? வெக்கிறன். அதுக்கு முன்ன ஒள்ளுப்பம் கதைக்க உடுங்க. நீங்க மலைநாட்டுப் பக்கமா சேர்? களப்புத் தண்ணியில துடுப்புப் போட்டுத் தோணி வலிச்சிரிக்கீங்களா? இல்லதானே.

பொத்துவில் களப்புக்கு அங்கால எனக்கொரு கச்சான் கடலைத் தோட்டம் இரிக்கி. ரோட்டால சுத்திப் போனா முக்கால் மணித்தியாலம். தோணியில பத்து நிமிசம். என்ட மனிசன் மௌத்தாகி எட்டு வருசம். எட்டு வருசமும் நான்தான் தனிய வலிச்சிப் போற, வாற. வாடக்காத்து அடிக்கிற மாசத்திலயும் ஒரு நாள் விழல்ல.

அலை பயப்பிடுற சாமான் இல்ல சேர். வருதெண்டு கண்டா தோணிட மூக்க அதுக்கு நேரா, ஒள்ளுப்பம் சரிச்சிக் குடுக்கணும். பக்கவாட்டுல வாங்கினா முடிஞ்சி. மறுகா, பயத்துல துடுப்பத் தூக்கி மடியில வெக்கப்படாது. வலிச்சிக்கிட்டே இரிக்கணும். எழும்பி நிக்கவே படாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும் இது.

இந்த ஹாதிக் எஞ்சின் போட் எடுத்து ரெண்டு வருசம். டூரிஸ்ட் ஆக்கள ஏத்தி யானையும் குருவியும் காட்டுற. மொத நாள் என்னக் கண்டதும் மரியாதைக்கு வேகத்தக் குறைச்சாரு. அதுதான் சேர் வினை! சிரிக்காதீங்க. பாய்ஞ்சி போற போட், தண்ணிக்கு மேலால வழுக்கிப் போயிரும், அலை சின்னன். அரைவாசி வேகத்துக்குக் குறைச்சா பின்பக்கம் தாழ்ந்து தண்ணிய உழும். அந்த அலைதான் பெரிசு. என்ட சோத்துப் பார்சல் தோணிக்குள்ளயே மிதக்குது, இவரு சிரிச்சிக்கிட்டு ஸலாம் சொல்றாரு!

ரெண்டாம் நாளும் அப்படித்தான். மூணாம் நாள் துடுப்ப உசத்திக் கத்தினன். பாயிறதெண்டா பாயுங்க, இல்லாட்டி ஆமை மாதிரிப் போங்க, இந்த நடுவேகம் மட்டும் வேணாம் எண்டு. போட்டுல இருந்த வெள்ளக்காரி ஒருத்தி கை தட்டினா.

அடுத்த நாள் என்ன செஞ்சாரு தெரியுமா? என்னக் கண்டதும் எஞ்சினையே நிப்பாட்டிட்டாரு. அவ்வளவு பெரிய போட்டக் கம்பு ஊண்டித் தள்ளிக்கிட்டுப் போறாரு. வேர்த்து ஊத்துது. டூரிஸ்ட் ஆக்கள் யானைய உட்டுட்டு இவரப் பாக்காங்க. அண்டையில இருந்து ஒரு நாள் தவறல்ல சேர். மழைக்கும் அப்படித்தான். என்னத் தாண்டி நூறு யார் தூரம் போய்த்தான் எஞ்சின் போடுவாரு.

வீட்டுல அவரும் தனி ஆள்தான். இல்ல, நீங்க நிரப்புற போமுல அந்தக் கேள்வி இல்லதான். சும்மா சொன்னன்.

நான் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமையா? வாறன், வாறன். காலத்தால எட்டு மணி இரிக்கும். கம்பு ஊண்டித் தாண்டினாரு, ஸலாம் சொன்னாரு, தூரப் போய் எஞ்சினப் போட்டாரு. வந்த அலைக்குத் தண்ணியில நீந்துற ஒரு தாராக்குஞ்சு கூடக் கவிழாது. நான் கவிழ்ந்தன். சத்தம் கேட்டு போட்டத் திருப்பி வந்து, உடுத்த சேட்டோட, போனோட தண்ணிக்குள்ள பாய்ஞ்சிட்டாரு. பயப்பிடாதீங்க, கையப் புடிங்க எண்டு கத்துறாரு. சேர், தண்ணி இடுப்பளவு. நான் நிண்டுகிட்டு இரிக்கன்! அவர்ர கால்தான் சேத்துல புதைஞ்சிட்டு. நான்தான் அவர இழுத்தெடுத்த.

போட்டுல இருந்த ஆக்கள் வீடியோ எடுத்திரிக்காங்க. அது சுத்திச் சுத்தி மசூர் காக்காட போனுக்கு வந்திட்டு. காக்கா என்ன ஒரு வார்த்த கேக்காம இஞ்ச எழுதிக் குடுத்திட்டாரு.

இப்ப பத்து நாளா ஹாதிக்குட பெர்மிட் உங்கட மேசையில. சீசன் நேரம் போட் கரையில கிடக்கு. நேத்து என்ட தோணியக் கண்டதும் தலையக் குனிஞ்சிட்டாரு. தன்னாலதான் நான் விழுந்தெண்டு நினைக்காரு சேர். அதப் பாத்துட்டு எனக்குச் சோறு இறங்கல்ல.

எட்டு வருசம் விழாதவ எப்படி விழுந்தெண்டா கேக்கீங்க? ம். மெதுவாத்தான் சொல்லுவன், பக்கத்து மேசைக்குக் கேக்கப்படாது.

நான்தான் தோணியத் திருப்பின. பக்கவாட்டா. துடுப்பையும் தூக்கி மடியில வெச்சன். அதுக்கும் கவிழல்ல. கடைசியில எழும்பி நிண்டன். என்ன செய்ற சேர், ரெண்டு வருசமா இந்த ஹாதிக் ஸலாத்துக்கு மேல ஒரு சொல்லுக் கதைக்கல்ல.

எழுதுங்க. பிழை என்ட பக்கம்தான், அவர்ர பெர்மிட்டக் குடுத்துருங்க. காரணமா? என்னவும் போடுங்க. கவனயீனம் எண்டு மட்டும் போட்டுடாதீங்க. நல்ல கவனமாத்தான் திருப்பினன்.